பச்சை குத்தும் ஊசியும் இரத்ததானமும்

கள்ளக்குறிச்சியில் நாம் நடத்திய இரத்ததான முகாமுக்குக் கல்வராயன் மலையிலிருந்து ஒரு தம்பி வந்தார். அவருடைய அக்காவின் பிரசவத்தின்போது முன்பின் தெரியாத ஒருவர் இரத்தம் கொடுத்திருந்தாராம். பதிலுக்குத் தானும் கொடுக்க வேண்டுமென்று பஸ் பிடித்து இறங்கி வந்தவர். கையில் தாயாரின் பெயரைப் பச்சை குத்தி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மருத்துவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

பச்சை குத்தியவர் 12 மாதங்களுக்கு இரத்தம் கொடுக்கக் கூடாது என்பது நாடு முழுவதற்குமான விதி. ஊசி மேல்தோலைத் தாண்டி, இரத்த நாளங்கள் உள்ள அடுக்கு வரை இறங்குகிறது. முன்பு குத்திக்கொண்டவரின் இரத்தம் அதில் ஒட்டியிருந்தால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. கிருமிகள் அடுத்தவருக்குத் தொற்றலாம். ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த இரத்தத்திலும் ஏழு நாள் வரை வீரியத்தோடு இருக்கும். ஊசியை மட்டும் மாற்றினால் போதாது. ஒரே மைக் கிண்ணத்தில் எல்லோருக்கும் தொட்டுக் குத்தினால் அதே ஆபத்துதான். திருவிழாக் கடைகளில் இதை யார் பார்க்கிறார்கள்?

பாட்டிமார் காலத்தில் மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் திரியாக்கி, விளக்கில் எரித்த கரியால் குத்துவார்கள். மை இயற்கைதான், ஆனால் ஊருக்கெல்லாம் ஒரே ஊசி!

இன்றைய வண்ண மைகளின் கதை வேறு. 2022 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த மைகளில் 4,000க்கும் மேற்பட்ட இரசாயனங்களைக் கட்டுப்படுத்தியுள்ளது. நிறத்துகள்கள் தோலோடு நின்றுவிடுவதில்லை, நிணநீர் முடிச்சுகளிலும் போய்த் தங்குகின்றன. நம் பக்கத்திலோ, 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் நாக்கையே பிளந்துவிட்டதாக இருவர் கைதான பிறகுதான் கடைக்குச் சீல் வைத்தார்கள்.

பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும் 'கருப்பு மருதாணி' வாங்கும் சகோதரிகளும் கவனியுங்கள். சில நிமிடங்களில் கருப்பாகப் பிடிப்பது மருதாணி இலையல்ல. பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் உள்ள பி.பி.டி. என்ற இரசாயனம். தோல் கொப்புளித்துத் தழும்பாகிவிடும்.

மார்க்கத்தில் பச்சை குத்துவது கூடாது என்பது நமக்குத் தெரியும். ஏற்கெனவே குத்திக்கொண்ட பிள்ளைகளைத் தயவுசெய்து பள்ளிவாசலில் கேலி செய்யாதீர்கள். அது தோலுக்கு அடியில் இருப்பதால் வுளூவைத் தடுக்காது. கேலிக்குப் பயந்து சுண்ணாம்பும் ஆசிட்டும் வைத்து அழிக்கப் போய்ப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

அவர்களைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவமனையிலுள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், இரகசியம் காக்கப்படும். மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான சோதனையையும் அங்குள்ள மருத்துவரிடம் கேளுங்கள். புதிதாகக் குத்தியிருந்தால் ஆறு மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். அந்தத் தம்பியிடமும் இதைத்தான் சொல்லி அனுப்பினோம்.