ரிமோட்ல ஸ்டார்ட் ஆச்சு, ஹார்ன்தான் நிக்கல!

மே மாசம், மத்தியானம் இரண்டு மணி, அடையாறு. வெயிலில் நின்ற காரை மாமா ரிமோட்டில் ஸ்டார்ட் செய்தார். அஞ்சு நிமிஷத்தில் உள்ளே ஏசி ஜில்லென்று ஆகிவிட்டது. பெருமையாகக் கதவைத் திறந்தார். அவ்வளவுதான், கம்பெனி அலாரம் தெருவையே எழுப்பிவிட்டது. கடையில் போட்ட ரிமோட் ஸ்டார்ட்டர் "நல்லாத்தான் வேலை செய்யுது". அப்புறம் ஏன் இந்தக் கூத்து?

காரில் இப்போது இரண்டு மூளைகள். ஒன்று கம்பெனி கொடுத்த பி.சி.எம். (பூட்டு, அலாரம், விளக்கு எல்லாம் அதன் கையில்). இன்னொன்று நாம் வாங்கி வந்த பெட்டி. கடைக்காரர் பெட்டியின் வயரைக் கதவு மோட்டாரில் கொடுத்தார், கதவு திறந்தது. ஆனால் மோட்டார் திரும்பியதை வைத்து பி.சி.எம். அலாரத்தை அணைக்காது. கம்பெனி ரிமோட்டின் கோடு வர வேண்டும், அல்லது சாவியைக் கதவில் போட்டுத் திருப்ப வேண்டும். இரண்டும் இல்லாமல் கதவு திறந்தால் அதன் கணக்கில் நாம் திருடன்தான். பல வண்டிகளில் இக்னிஷன் ஓடும்போது கம்பெனி ரிமோட்டும் வேலை செய்யாது. அதனால் மாமா கையிலிருந்த இன்னொரு ரிமோட்டும் உதவவில்லை.

சரி, எங்கே கொடுக்கணும்? டிரைவர் கதவின் சாவித் துளைக்குப் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். சாவியைத் திருப்பினால் அது ஒரு வயரை பூமிக்கு இணைத்து "உரிமையாளர் வந்தாச்சு" என்று சொல்லும். அநேக வண்டிகளில் டிஸ்ஆர்ம் வயர் அதுதான். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்: சும்மா இருக்கும்போது சில வோல்ட் காட்டும், சாவி திருப்பினால் பூஜ்ஜியம். டெஸ்ட் லேம்ப் வேண்டாம், அது இழுக்கும் கரண்ட் எலக்ட்ரானிக்ஸைக் கெடுக்கும். மஞ்சள் கனெக்டர் பக்கம் கையே வைக்காதீர்கள், அது ஏர்பேக்.

அந்த வயருக்கு ஒரு ரிலே: 86-இல் ஃப்யூஸ் போட்ட 12 வோல்ட், 85-இல் பெட்டியின் நெகட்டிவ் அவுட்புட், 30-இல் டிஸ்ஆர்ம் வயர், 87-இல் பூமி. காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு, கோடு போட்ட முனை 86 பக்கம். இல்லையென்றால் காயில் அணையும்போது வரும் வோல்டேஜ் பெட்டியின் டிரான்சிஸ்டரைத் தின்றுவிடும். சில வண்டிகளில் பூட்டு, திற இரண்டுக்கும் ஒரே வயர். வெவ்வேறு ரெசிஸ்டன்ஸ் மதிப்பை வைத்து பி.சி.எம். புரிந்துகொள்ளும். அங்கே நேராகப் பூமிக்குக் கொடுத்தால் தப்பான கட்டளை போகும்.

வரிசையும் முக்கியம். முதலில் டிஸ்ஆர்ம் பல்ஸ், பிறகு இக்னிஷன், பிறகு ஸ்டார்ட்டர். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அக்சஸரி லைன் அணைந்து, எஞ்சின் பிடித்ததும் திரும்ப வர வேண்டும். கடைசியாகக் கதவை மறுபடி பூட்டும் பல்ஸ். இதை மறந்தால் ஓடும் கார் திறந்த கதவோடு நிற்கும்.

இம்மொபிலைசர் தனிக் கதை. சாவிக்குள் இருக்கும் சிப்புக்கு பேட்டரி கிடையாது. சாவித் துளையைச் சுற்றிய காயில்தான் காந்தப்புலத்தால் அதை உயிர்ப்பிக்கிறது. எங்கள் கடைக்காரர் செய்த வேலை: ஸ்பேர் சாவியை அந்தக் காயில் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டிவிட்டார். இனி பூட்டை உடைத்துத் திருப்புபவன் யாராக இருந்தாலும் வண்டி கிளம்பும். இம்மொபிலைசர் இருந்தும் இல்லாத மாதிரி. ரிமோட் ஸ்டார்ட் ஓடும்போது மட்டும் பூமி கொடுக்கும் அவுட்புட் ஒன்று பெட்டியில் உண்டு. ஒளித்த சாவியை அந்த ரிலே வழியாக மட்டுமே காயிலோடு இணைக்க வேண்டும்.

அலாரத்தைச் சரி பண்ணிவிட்டு மறுநாள் டெஸ்ட் செய்தோம். மாமா வண்டி மேனுவல். ஹேண்ட் பிரேக் போடாமல் ஃபர்ஸ்ட் கியரில் விடுவது அவர் பழக்கம். கிளட்ச் சுவிட்சை ஏற்கெனவே ஷார்ட் செய்து வைத்திருந்தார்கள். பட்டனை அழுத்தினேன். கார் குதித்து, வாட்ச்மேன் நாற்காலியைச் சுவரோடு நசுக்கியது. அவர் டீ குடிக்கப் போயிருந்தார். எனக்குக் கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரமானது.

மேனுவல் வண்டிக்கான பெட்டிகளில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சின் ஓடும்போதே சாவியை எடுத்து இறங்கிக் கதவை மூடினால் எஞ்சின் தானாக அணையும். கியரில் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. பிறகு ஒரு கதவு திறந்தாலும் ரிமோட் ஸ்டார்ட் ரத்து. ஆனால் அதற்குக் கதவு சுவிட்ச், ஹேண்ட் பிரேக் வயர் இரண்டும் பெட்டிக்குப் போயிருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் அந்த இரண்டு வயரும் சுருட்டி டேப் போட்டுக் கிடந்தன.

இன்னொன்று. 1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 126: பொது இடத்தில் நிற்கும் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் டிரைவர் சீட்டில் இருக்க வேண்டும், இல்லையேல் எஞ்சினை நிறுத்தி பிரேக் போட்டிருக்க வேண்டும், அல்லது வண்டி தானாக நகராதபடி வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். மயிலாப்பூர் மாட வீதியில் ஆளில்லாமல் உறுமும் காருக்கு அந்த 'வேறு ஏற்பாடு' என்ன என்று டிராஃபிக் போலீஸ் கேட்டால், சுருட்டிய வயரைக் காட்ட முடியாது.

மாமா இப்போது இரண்டு வயரையும் இணைத்துவிட்டார். வாட்ச்மேனுக்குப் புது நாற்காலியும் வந்தாச்சு. அதைச் சுவரோரமாகப் போட அவர் மறுக்கிறார்.