கறையைத் துடைக்காதே, படி

அன்புள்ள மருமகனுக்கு,

படங்கள் வந்தன. மாட்டுக்கொட்டகையில் சாக்கு மூடிக் கிடந்தது ராஜ்தூத் 350-தான், சந்தேகமே இல்லை. ஹெட்லைட் இல்லை, ஸ்பீடோமீட்டர் இல்லை, இண்டிகேட்டர் இல்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். அவை தொலைந்துபோகவில்லையடா. ஓட்டியவர் கழற்றி வைத்திருக்கிறார். ரேஸுக்கு எதற்கு இண்டிகேட்டர்?

"ஷோரூம்ல இருந்து இறக்கின மாதிரி பண்ணிடலாம் மாமா" என்கிறாய். இங்கேதான் எனக்கும் உனக்கும் வழக்கு. யமஹா ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் ராஜ்தூத் என்ற பெயரில் இங்கே இறக்கியது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். ஜப்பானில் 39 குதிரைத்திறன் கொடுத்த இன்ஜின். நம் ஊருக்கு மைலேஜ் வேண்டுமென்று 30.5 ஆக்கினார்கள், பிறகு 27. முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் டிரம் ஆனது. குறைத்ததை மீட்க நம் மெக்கானிக்குகள் அரமும் கையுமாக உட்கார்ந்தார்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் அந்த உழைப்புக்குப் பரீட்சை நடந்தது. ஷோரூம் வண்டியாக மாற்றினால் அந்த அரம் பிடித்தவனின் கையெழுத்தை நீ அழிக்கிறாய்.

ஆகவே டீசல் ஊற்றிக் கழுவுவதற்கு முன் படி. ஆயில் டிரெய்ன் போல்ட்டின் தலையில் சிறு துளை இருக்கிறதா? கம்பி கட்டுவதற்கு அது. போல்ட் கழன்று ஆயில் தரையில் கொட்டினால் பின்னால் வருபவன் வழுக்கி விழுவான். ஃபுட்ரெஸ்ட் எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது? சிலிண்டரைக் கழற்றியதும் உள்ளே வெள்ளைத் தாளைச் சுருட்டி வைத்துப் பென்சிலால் தேய். போர்ட்டுகளின் உருவம் தாளில் பதியும். எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல்விளிம்பு உயர்த்தப்பட்டிருந்தால் இழுவை மேல் ஆர்பிஎம்மில்தான் கிடைக்கும். கீழே வண்டி சோம்பும். அதைப் பழுது என்று நினைத்துக் கார்புரேட்டரைக் குடையாதே.

பெயின்ட், குரோம் எல்லாம் கடைசி. கிராங்க் சீல்தான் முதல். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள் போய், அங்கே அழுத்தப்பட்டுத்தான் மேலே ஏறுகிறது. கிராங்க் கேஸே ஒரு பம்ப். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் சீலின் ரப்பர் காய்ந்து கல்லாகியிருக்கும். வலப்பக்கம், கிளட்ச் இருக்கும் இடத்தில் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும், கண்ணுக்குத் தெரிந்துவிடும். இடப்பக்க சீல்தான் துரோகி. புகையே வராது. காற்றை உறிஞ்சும், கலவையில் பெட்ரோல் குறையும், வண்டி வழக்கத்தைவிட ஜோராக ஓடுவதுபோல் இருக்கும். நீளமான ரோட்டில் முழு த்ராட்டிலில் பிடித்தால் பிஸ்டன் உருகும். என் முதல் ஆர்டியில் பிஸ்டன் தலையில் எட்டணா அகலத்துக்கு ஓட்டை. கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டே இரண்டு பிஸ்டன் தீர்த்தேன், பிறகுதான் சீலைப் பார்த்தேன்.

சோதிப்பது சுலபம். இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களை அடைத்துவிட்டு, கேஜ் வைத்த கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ ஏற்று. ஆறு நிமிடம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவு, குமிழி காட்டிக்கொடுக்கும். அழுத்தத்தை மேலே ஏற்றாதே, நல்ல சீலும் பிதுங்கும்.

டைமிங்கை டயல் கேஜ் வைத்துத்தான் வைக்க வேண்டும்: பிஸ்டன் உச்சிக்கு 2 மில்லிமீட்டர் முன்பு. காதால் வைக்கிறேன் என்பவனிடம் வண்டியைக் கொடுக்காதே. ஆயிலைத் தானே ஊட்டும் ஆட்டோலூப் பம்பை எடுத்திருந்தால் டேங்கிலேயே 2டி ஆயில் கலக்க வேண்டும்; மறந்தால் அன்றே பிஸ்டன் பிடிக்கும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, பழைய ரப்பர் குழாய்களைத் தூக்கிப் போடு. பஃப் அடிக்கிறவன் சேஸிஸ் எண்ணைத் தேய்த்துவிடாமல் பக்கத்திலேயே நில்.

ஞாயிறன்று பம்போடு வருகிறேன். அதுவரை பிளக்கைக் கழற்றி, துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவை. உள்ளே துரு எவ்வளவு என்று பார்க்காமல் ஆசைக்குக்கூட கிக்கரை மிதிக்காதே.

உன் மாமா