‘கவனமா இருங்க’ என்றால் போதுமா?

ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் ரேடியோவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் எத்தனை வாட், எவ்வளவு தூரம், எந்த ஆன்டெனா என்றுதான் எழுதுவார்கள். நான் எடுத்துக்கொண்டது வேறு விஷயம். செட்டை இயக்குபவர் தப்பு செய்தால் என்ன ஆகும்? அந்தத் தப்பை டிசைனிலேயே தடுக்க முடியுமா?

இது பொழுதுபோக்குக்காரர்களின் பிரச்சினைதானே என்று நினைக்க வேண்டாம். 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வெள்ளம். கரண்டு இல்லை, பல இடங்களில் செல்போனும் வேலை செய்யவில்லை. இந்த மாதிரி நேரத்தில் கைகொடுப்பது பாட்டரியில் ஓடும் ஹாம் செட்தான். ஆனால் அதை இயக்குபவர் எப்படி இருப்பார்? ராத்திரி தூங்கியிருக்க மாட்டார், நனைந்திருப்பார், டார்ச் வெளிச்சத்தில் வயரைத் தேடிக்கொண்டிருப்பார். அவரிடம் போய் ‘கவனமா இருங்க’ என்றால் என்ன பிரயோஜனம்?

இதற்கு வழி காட்டியது விமானத் துறை. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் விமானப்படைப் பள்ளி நம்ம தாம்பரத்தில்தான் இருக்கிறது. சக்கரத்தை மடக்கும் வசதியுள்ள பல விமானங்களின் காக்பிட்டில், சக்கரத்துக்கான லீவரின் நுனி சக்கர வடிவில் இருக்கும். காரணம், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 பைலட்டுகள் தரையிறங்கிய பிறகு ஃபிளாப்பை மடக்குவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். அல்ஃபான்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் பார்த்தார். இரண்டு சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி! ஒன்றில் சின்ன ரப்பர் சக்கரத்தையும், மற்றதில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் செய்தார். கை தடவினாலே எது எது என்று தெரிந்துவிட்டது.

ஜப்பானில் ஷிகேயோ ஷிங்கோ என்ற இன்ஜினியர் தொழிற்சாலைகளுக்கு இதையே ஒரு முறையாக்கினார். முதலில் வைத்த பெயருக்கு ‘முட்டாள் தடுப்பு’ என்று அர்த்தம். ‘நான் முட்டாளா?’ என்று ஒரு தொழிலாளி அழுதுவிட, பெயரை ‘போகா யோகே’, அதாவது கவனப்பிசகுத் தடுப்பு, என்று மாற்றினார். தப்பு செய்பவர் முட்டாள் இல்லை; பிசகு யாருக்கும் வரும். நம் பாடத்துக்கு இதுதான் அஸ்திவாரம்.

டிசைன் செய்பவர் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். தப்பு நடக்கவே முடியாதபடி செய்யலாமா? முடியாவிட்டால், நடந்தாலும் சேதம் இல்லாதபடி செய்யலாமா? அதுவும் முடியாவிட்டால், உடனே தெரியும்படியாவது செய்யலாமா?

1. பாட்டரி மாற்றி இணைப்பது: பல வீடுகளில் 12 வோல்ட் பாட்டரி வயருக்கு இரண்டு பின் பிளக் போட்டிருப்பார்கள். அதைத் திருப்பியும் செருகலாம், 230 வோல்ட் சாக்கெட்டிலும் செருகலாம்! ஒரே பக்கமாக மட்டும் நுழையும் கனெக்டர் போட்டால் முதல் கேள்வி தீர்ந்தது. அதற்குப் பின்னால் ஒரு டயோடும் வேண்டும். 2 ஆம்பியர் இழுக்கும் சின்ன செட்டுக்கு சீரியஸ் டயோடு போதும். 20 ஆம்பியர் செட்டில் அதே டயோடு 0.7 வோல்ட்டைத் தின்று, 14 வாட்டைச் சூடாக வீணடிக்கும். அங்கே பாட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ், செட்டுக்குள் சப்ளைக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு பெரிய டயோடு. மாற்றி இணைத்தால் ஃபியூஸ் போகும், செட் பிழைக்கும்.

2. பட்டன் அழுந்தியே கிடப்பது: மைக் ஏதாவது சாமானுக்கு அடியில் மாட்டி பட்டன் அழுந்திவிட்டால் அந்த அலைவரிசை முழுக்க அடைபட்டுவிடும். மற்றவர்கள் கத்தினாலும் இவருக்குக் கேட்காது. அனுப்பும்போது இவருடைய ரிசீவர் ஊமை. வைத்தியம் ஒரு 555 டைமர் ஐ.சி. காலம் = 1.1 × ஆர் × சி. 330 கிலோ ஓம், 470 மைக்ரோ ஃபாரட் போட்டால் சுமார் 170 விநாடி. ஒரு எச்சரிக்கை: பட்டனை நேராக 2-ஆம் பின்னில் இணைத்தால், அழுத்தியிருக்கும் வரை அவுட்புட் இறங்கவே இறங்காது. எந்தத் தப்பைத் தடுக்க டைமர் வைத்தோமோ, அந்தத் தப்பின்போதே டைமர் வேலை செய்யாது! சின்ன கண்டென்ஸர் வழியாக ஒரு பல்ஸ் மட்டும் போக வேண்டும். டைமரும் பட்டனும் இரண்டும் ‘சரி’ என்றால்தான் ரிலே இழுக்க வேண்டும்.

3. பட்டைக்கு வெளியே போவது: 40 மீட்டர் பட்டை 7.000 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. டயல் 7.002 காட்டினால் உள்ளேதான் இருக்கிறோம் என்று தோன்றும். ஆனால் லோயர் சைடு பேண்டில் பேச்சு டயலுக்குக் கீழே சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் வரை விரியும். அதாவது 6.999. சட்டப்படி தப்பு! மைக்ரோ கன்ட்ரோலர் வைத்த செட்டில், அந்த மோடில் 7.003-க்குக் கீழே பட்டனே வேலை செய்யாதபடி புரோகிராமில் ஒரு வரி எழுதினால் போதும். கேட்பதற்குத் தடை வேண்டாம்.

4. பயஸ் அதிகமாக வைப்பது: ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் டிசைன் செய்த பிட்எக்ஸ் செட்டைப் பலர் கட்டியிருக்கிறார்கள். பிட்எக்ஸ் 40 போர்டில் பவர் ஆம்ப்ளிஃபயருக்குத் தனி சப்ளை இணைப்பு உண்டு. இந்த வசதியை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம். டி.வி. மெக்கானிக் கடையில் சீரியஸ் பல்பு பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதே மாதிரி 12 வோல்ட் 21 வாட் கார் பல்பு ஒன்றை அந்த சப்ளையில் சீரியஸாகப் போட்டு பயஸ் வையுங்கள். பிரிசெட் தப்பான பக்கம் திரும்பினால் பல்பு எரியும், ஐ.ஆர்.எஃப். 510 எரியாது. ஹீட் சிங்க் மட்டும் மறக்க வேண்டாம்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடை போய்வந்தால் எல்லாம் கிடைக்கும்.

புராஜெக்ட் செய்யும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. செட் முடிந்ததும் ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடு மாட்டுங்கள். லைசென்ஸ் இல்லாமல் காற்றில் அனுப்பக் கூடாது. பிறகு லைட்டை அணைத்து, செட்டை முதலாமாண்டு தம்பி, தங்கையிடம் கொடுத்து, வாயைத் திறக்காமல் நில்லுங்கள். அவர்கள் கை எங்கே தப்பாகப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் ‘இப்படிச் செய்யாதீர்கள்’ என்று ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். பேனலைக் கழற்றி மாற்றிக் கட்டுங்கள்.

அனைவருக்கும் 73! ஹாம் மொழியில் அதற்கு ‘நல்வாழ்த்துகள்’ என்று பொருள்.