பிளஸ் ஒன்னில் இயற்பியல் எடுத்திருக்கும் பிள்ளைகளுக்கு

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுத்தவன் நான். கல்லூரியில் சேர்ந்து முதல் பருவத்திலேயே திணறிப்போய் என்னைத் தேடி வந்த பழைய மாணவர்கள் பலர். அத்தனை பேரும் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். பாடம் அவர்களுக்குத் தெரியும். புதிதாக ஒரு கணக்கைக் கொடுத்தால் எங்கே கை வைப்பது என்றுதான் தெரியவில்லை. அவர்கள் முகங்களை மனத்தில் வைத்தே இவற்றைச் சொல்கிறேன்.

1. பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அதை ஒப்புக்கு முடித்துவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைக்கும் பள்ளிகள் உண்டு. உங்கள் பள்ளியும் அப்படியென்றால் வீட்டில் நீங்களே உட்கார்ந்து படியுங்கள். நியூட்டன் விதிகள், ஆற்றல், சுழற்சி, ஈர்ப்பு, அலைவுகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. மின்புலத்துக்குள் குறுக்கே நுழையும் எலக்ட்ரான், கிடையாக எறிந்த கல்லைப் போலவே வளைந்து போகிறது. மின்தேக்கியும் மின்தூண்டியும் சேர்ந்த சுற்றில் மின்னூட்டம் ஆடுவதும், சுருள்வில்லில் தொங்கும் எடைக்கல் ஆடுவதும் ஒரே சமன்பாடு. முதல் ஆண்டைத் தவறவிட்டவன் இவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்துகொண்டிருப்பான்.

2. கணித வகுப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெக்டரும் வகைக்கெழுவும் அங்கே வருவதற்குள் இயற்பியல் ஆசிரியர் அவற்றைப் பயன்படுத்தத் தொடங்கிவிடுவார். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடையில் ஒரு மாதம் ஒதுக்கினால் போதும்.

3. படம் வரையாமல் கணக்கைத் தொடாதீர்கள். ஒரு பொருளை மட்டும் தனியே பிரித்து வரைந்து, அதன்மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறியால் காட்டுங்கள். ஒவ்வொரு அம்புக்கும் பக்கத்தில் “இதைத் தருவது எது?” என்பதற்கு விடை எழுதுங்கள். மேசைமேல் புத்தகம் இருக்கிறது. பூமி அதைக் கீழே இழுக்கிறது, மேசை மேலே தள்ளுகிறது. இவ்விரண்டும் நியூட்டன் மூன்றாம் விதி சொல்லும் செயலும் எதிர்ச்செயலும்தானே என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் ஆம் என்பார்கள். இல்லை. இரண்டு விசைகளும் ஒரே புத்தகத்தின்மேல் செயல்படுகின்றன. மூன்றாம் விதியின் இணை எப்போதும் இரு வேறு பொருள்களின்மேல்தான் செயல்படும். பூமி புத்தகத்தை இழுப்பதற்கு இணை, புத்தகம் பூமியை இழுப்பது. இது விளங்கிய அன்றுதான் இயந்திரவியல் உங்களுக்குப் பிடிபட்டது என்று சொல்வேன்.

4. பேச்சுத் தமிழில் எல்லாவற்றுக்கும் “சக்தி” என்கிறோம். இயற்பியலில் விசை வேறு, ஆற்றல் வேறு, திறன் வேறு. அலகும் நியூட்டன், ஜூல், வாட் என்று மாறும். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் ஒரு நோட்டை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் தமிழ்ச் சொல்லும் மறுபக்கம் ஆங்கிலச் சொல்லும் எழுதி வாருங்கள். கருத்தைத் தமிழிலேயே உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் சொல்தான் மாறும், முடுக்கம் முடுக்கமாகவேதான் இருக்கும்.

5. செய்முறைத் தேர்வு மதிப்பெண் எப்படியும் வந்துவிடும் என்று, சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து அளவீடுகளை எழுதும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நோகிறது. இயற்பியல் உங்கள் கைக்கு வரும் ஒரே இடம் அந்த ஆய்வகம்.

ஒரு மீட்டர் நூலில் குண்டைக் கட்டி ஆடவிடுங்கள். ஓர் அலைவுக்கு ஏறக்குறைய 2 விநாடி ஆகும். ஏன் 20 அலைவுகளுக்கு நேரம் எடுக்கச் சொல்கிறோம்? கடிகாரத்தை அழுத்துவதில் உங்கள் கை 0.2 விநாடி பிசகுகிறது என்று வையுங்கள். ஓர் அலைவை மட்டும் அளந்தால் அது நூற்றுக்குப் பத்துப் பிழை. புவியீர்ப்பு முடுக்கத்தின் சூத்திரத்தில் அலைவு நேரம் இருமடியாக வருவதால் விடையில் பிழை 20 விழுக்காடாகிவிடும். இருபது அலைவுகளுக்கு ஆகும் 40 விநாடியில் அதே 0.2 விநாடி வெறும் அரை விழுக்காடு. விடையில் ஒரு விழுக்காடு. பார்த்து எழுதிய ரெக்கார்டு இதைக் கற்றுத் தராது.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தபோது சி.வி. ராமன், நிறமாலைமானியில் முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். நீங்களும் பிளஸ் டூவில் செய்யப்போகும் அதே சோதனை. கோணத்தோடு நிற்காமல், பார்வையில் தெரிந்த ஒளிப்பட்டைகள் ஏன் இருபுறமும் சமச்சீராக இல்லை என்று கேட்டார். அதுவே 1906 நவம்பரில் லண்டனின் ‘பிலசாபிக்கல் மேகசின்’ இதழில் அவருடைய முதல் கட்டுரையாக வந்தது. அந்த மாதம்தான் அவருக்கு 18 வயது நிறைந்தது.

6. விடையைப் பார்ப்பதற்கு முன் அரை மணி நேரம் வெற்றுத்தாளோடு இருங்கள். தீர்வு நூலைத் திறந்து வைத்துக்கொண்டு “புரிகிறது” என்பது வேறு, மூடி வைத்துவிட்டு எழுதுவது வேறு. வருவித்தல்களையும் இப்படியே செய்யுங்கள். தப்பாக வந்த தாளைக் கிழிக்காதீர்கள். எந்த வரியில் வழுக்கியது என்று கண்டுபிடித்துப் பக்கத்தில் எழுதுங்கள். விடை வந்ததும் அலகைப் பாருங்கள், அளவு நம்பும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள். மின்விசிறி இறக்கையின் நுனி ஒலியைவிட வேகமாகப் போவதாக விடை வந்தால் கணக்கில் எங்கோ தவறு.

7. பொறியியலும் மருத்துவமும் மட்டுமே வழி என்று யார் சொன்னாலும், இயற்பியலையே படிக்க ஆசையிருந்தால் அதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் ஊர் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்து, ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். பள்ளியிலிருந்து நேராகவே போக, அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்களுக்கு (IISER) ஐ.ஏ.டி. தேர்வு, புவனேஸ்வரத்தின் நைசருக்கு (NISER) நெஸ்ட் தேர்வு. ஐசர்களில் ஒன்று நமக்குப் பக்கத்தில் திருப்பதியிலேயே இருக்கிறது. சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம் கணிதத்தையும் இயற்பியலையும் சேர்த்துக் கற்பிக்கிறது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. இவற்றுக்கான விண்ணப்பங்கள் பொதுத்தேர்வை ஒட்டிய மாதங்களிலேயே வந்து முடிந்துவிடும். பிளஸ் டூ ஜனவரியிலிருந்தே அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள்.