குவியலைக் கிளறிப் பார்

அன்புள்ள கயல்,

புயல் ஓய்ந்த மறுநாள் மண்டபம் வடகடல் கரையில் கடற்புல் குவிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, "எல்லாம் போச்சு பெரியப்பா" என்று எழுதியிருக்கிறாய். உன் ஆய்வேட்டை அந்த வரியில் தொடங்கிவிடாதே. குவியலைக் கிளறிப் பார்த்தாயா? வெறும் இலையாக இருந்தால் பெரிய சேதமில்லை. வாடைக்காலத்தில் முதிர்ந்த இலை அறுந்து ஒதுங்குவது வழக்கம்தான். கணுக்கணுவாக மண்ணுக்குள் ஓடும் தண்டும் வேருமாகப் பெயர்ந்து வந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். கடற்புல் பாசி அல்ல, பூத்துக் காய்க்கும் செடி. தண்டு உயிரோடிருந்தால் மறுபடி தழைக்கும். சின்ன நீள்வட்ட இலையுள்ள ஹாலோபிலா சில மாதங்களிலேயே வெறும் மணலைப் பிடித்துவிடும். நீண்ட நாடா இலையுள்ள என்ஹாலஸ் போனால் திரும்பிவரப் பல ஆண்டுகள் ஆகும். எவ்வளவு ஒதுங்கியது என்பதோடு, எந்தப் புல், எந்தப் பகுதி என்றும் எழுது.

புயலை எல்லோரும் பார்க்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது சாய்ந்த தென்னைகளை நாடே பார்த்தது. கடல்நீர் ஒரு டிகிரி கூடுதலாகச் சுடுவதை யார் பார்க்கிறார்கள்? நீ பார்க்க வேண்டியது அதைத்தான். சூடு ஏறினால் செடியின் சுவாசம் வேகமெடுக்கும்; ஒளிச்சேர்க்கை அதே வேகத்தில் ஏறாது. அதனால் பிழைத்திருக்கவே முன்னைவிட அதிக வெளிச்சம் வேண்டியிருக்கும். புயலோ அடிச்சேற்றைக் கலக்கி, ஆற்று வண்டலையும் சேர்த்துக்கொண்டு வெளிச்சத்தை மறைக்கிறது. அந்த நாட்களைச் செடி தண்டில் சேர்த்துவைத்த மாவுச்சத்தைக் கொண்டுதான் கடத்தும். கோடைச் சூட்டிலேயே அந்தச் சேமிப்பு கரைந்திருந்தால், சாதாரணப் புயலுக்குப் பிறகுகூடப் புல்வெளி மீண்டெழாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் 2011 கோடையில் இப்படித்தான் நடந்தது. கடல் வெப்ப அலையும் ஆற்று வெள்ளக் கலங்கலும் சேர்ந்து வந்தன. அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமடைந்தது. புயலை மட்டும் குற்றவாளியாக்கும் ஆய்வு பாதி ஆய்வுதான் என்பது என் முடிவு.

பாசியின் கதை வேறு. அதற்கு வேர் கிடையாது. கல்லையோ செத்த பவளத்தையோ பற்றி நிற்கும். அலை பிய்த்த பிறகு கல்மேல் வண்டல் படிந்துவிட்டால் அடுத்த வித்து ஒட்டாது. மூங்கில் மிதவையில் வளர்க்கிறார்களே காப்பாபைகஸ், நம் கரையில் 'பெப்சி பாசி' என்பார்கள், அதன் நிலை இன்னும் மோசம். துண்டு துண்டாக வெட்டிக் கட்டியே பெருக்கிய பயிர் அது. சூடு தாங்காமல் கிளை வெளுத்து உதிரத் தொடங்கினால் மிதவை மிதவையாகப் போகும். அடுத்த போகத்துக்கு விதைப்பாசியும் மிஞ்சாது. 2013க்குப் பிறகு இராமநாதபுரம் கடற்கரையில் இந்த அழிவு நேர்ந்து, கடன் வாங்கி மிதவை கட்டிய பெண்கள்தான் அடிபட்டார்கள்.

கடலில் பாசி எடுக்கும் பெண்களிடம் போ, கயல். சின்னப்பாலம் அக்காமார் விரலில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுப்பவர்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. எந்தக் கல்லில் எந்த மாதம் பாசி அடர்ந்திருந்தது, இப்போது எந்த மாதம் வருகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். கேள்வித்தாளை நீட்டாதே. அவர்களோடு வள்ளத்தில் ஏறு. அவர்கள் சொன்னதை அவர்கள் பெயரோடு பதிவு செய்.

தென்னங்கயிறு கட்டிய மூங்கில் சட்டத்தில் கடற்புல் நடும் வேலையில் சேரலாமா என்று கேட்டிருந்தாய். சேரலாம். ஆனால் இழுவைமடி ஓடும் இடத்தில் நட்டால் உழைப்பு வீண். 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கான காப்பகமாக அரசு அறிவித்தது. அந்த விலங்கு கடற்புல்லையே நம்பி வாழ்கிறது. கடலின் சூட்டை நம் ஊர் மட்டும் தணித்துவிட முடியாது. இழுவைமடியையும் கடலில் விடும் சாக்கடையையும் நம்மால் நிறுத்த முடியும். அவை நின்றால் சூட்டையும் புயலையும் தாங்கப் புல்லுக்குக் கொஞ்சம் தெம்பு மிஞ்சும்.

தை பிறந்து தண்ணீர் தெளிந்ததும் அதே இடத்தில் இறங்கு. வெப்பமானியை மேல்நீரில் விடாமல் புல் நிற்கும் மட்டத்தில் கட்டிவை. சித்திரையில் மறுபடி போய்ப் பார். அதன் பிறகு என்ன போயிற்று, என்ன மிஞ்சியது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா