ஆற்றல் போகும், கார்பன் திரும்பும்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், தாவரவியல்)

தை முதல் நாளில் புத்தரிசிப் பொங்கலிட்டுக் கதிரவனை வணங்குகிறோம். நாம் உண்ணும் ஒவ்வொரு பிடிச் சோற்றிலும் இருப்பது கதிரவனின் ஆற்றலே ஆதலால், அவ்வணக்கம் அறிவியலுக்கும் உடன்பாடானதே. அந்த ஆற்றல் எங்கே செல்கிறது, அதனைச் சுமந்துவரும் கார்பன் என்ன ஆகிறது என்பதை நாமறிந்த நெல்வயலைக் கொண்டே காண்போம்.

ஆற்றலின் ஒருவழிப் பயணம்

வயலில் விழும் வெயிலில் நெற்பயிர் ஒளிச்சேர்க்கையால் சேமிப்பது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே. இலையைத் தின்னும் வெட்டுக்கிளி, அதை விழுங்கும் தவளை, தவளையைப் பிடிக்கும் பாம்பு, பாம்பைத் தூக்கிச் செல்லும் பருந்து என உணவுச் சங்கிலி நீள்கிறது. சுவாசத்துக்கும் நடமாட்டத்துக்கும் செலவாகி வெப்பமாக வெளியேறியது போக, ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே அடுத்த படியைச் சேர்கிறது. பயிரில் 10,000 கலோரி இருப்பின் வெட்டுக்கிளிக்கு 1,000, தவளைக்கு 100, பாம்புக்கு 10, பருந்துக்கு 1. வயலெங்கும் தவளைகள் கத்த, வானில் பருந்து ஒன்றிரண்டே வட்டமிடுவதன் காரணம் இதுவே.

இக்கணக்குக்கு அடிகோலியவர் ரேமண்ட் லிண்டமன் என்னும் அமெரிக்கர். மின்னசோட்டாவில் ஒரு சிற்றேரியை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை முதலில் நிராகரிக்கப்பட்டு, பின்னர் 1942இல் வெளிவந்தது. அதற்குள், 27 வயது நிரம்பும் முன்பே, அவர் மறைந்துவிட்டார்.

கார்பனின் சுழற்சி

வெப்பமாகிப் போன ஆற்றல் மீளாது. நாளைய வெயில்தான் அதனை ஈடுசெய்ய வேண்டும். கார்பனோ மீள்வது. கரியமில வாயுவாக இலைக்குள் நுழைந்து, மாவாகவும் நாராகவும் மாறி, உயிர்கள் சுவாசிக்கையில் மீண்டும் காற்றை அடைகிறது. எஞ்சிய வேரையும் தாளையும் பாக்டீரியங்களும் பூஞ்சைகளும் சிதைக்க, ஒரு பகுதி மட்காக மண்ணில் தங்குகிறது. நீர் தேங்கிய வயலில் ஆக்சிஜன் குன்றுவதால் மீத்தேனும் உண்டாகிறது. இடையிடையே வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் அது குறையும்.

அறுந்த கண்ணி

என் பெற்றோர் கூலிக்கு நாற்று நட்டவர்கள், பள்ளிக்குச் சென்றதில்லை. வைக்கோல் மாட்டுக்கு, சாணம் எருக்குழிக்கு, எரு வயலுக்கு என்பது அவர்கள் அறிந்த கணக்கு. இன்று எங்கள் ஊரில் வைக்கோல் இயந்திரக் கட்டுகளாகி லாரியில் ஏறுகிறது, மாடுகளும் அருகிவிட்டன. எடுத்த கார்பன் திரும்பாத மண்ணில் மட்கு குன்றும். நீரைப் பிடித்துவைக்கும் தன்மையும் குன்றும்.

மண்ணில் இக்குறை என்றால் வானில் மிகுதி. கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்துகிடந்த நிலக்கரியையும் எண்ணெயையும் சில தலைமுறைகளில் எரிக்கிறோம். ஹவாயின் மௌனா லோவாவில் சார்லஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது, பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 315 பங்காக இருந்த கரியமில வாயு, 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது.

கதிரவன் தருவதைக் கூட்டவோ குறைக்கவோ நம்மால் இயலாது. கார்பனை அதற்குரிய இடத்தில் சேர்ப்பதோ நம் கையில் உள்ளது. வைக்கோலில் ஒரு பங்கையேனும் மட்கச் செய்து வயலுக்கு விடுவது அதற்கு நல்ல தொடக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் காத்துவந்த சுழற்சியைப் பட்டம் பெறும் நாம் அறுந்துபோக விடலாமா?