இதயம் இளைப்பாறும் நேரம்

நுழையும்முன்

விரைந்து ஓடுவது ஓர் ஆற்றல். ஓடிய உடல் அமைதிக்குத் திரும்புவது மற்றோர் ஆற்றல். இரண்டாவதைக் குலைக்கும் ஊக்கப் பானங்களைப் பற்றி அறிவியல் கூறுவதை அறிவோம்.

வளைகோல் பந்தாட்டத்திற்குப் பெயர்பெற்ற ஊர் கோவில்பட்டி. இங்குப் பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய அணிக்காக விளையாடினர். எப்போதும்வென்றான் முதலிய கரிசல் ஊர்களின் இளையோர்க்கும் ஆடுகளம் ஒரு கனவு. அக்கனவுக்குக் குறுக்குவழி போலத் தோன்றுவதே ‘எனர்ஜி டிரிங்க்’ எனப்படும் ஊக்கப் பானம்.

இதயத்தின் கடிவாளம்

ஓய்வில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 72 முறை துடிக்கும் இதயம், ஓடும்போது பரிவு நரம்புகளாலும் அட்ரினலினாலும் விரைவு கொள்கிறது. ஓட்டம் நின்றதும் வேகஸ் நரம்பு கடிவாளம்போல் அதனை இழுத்து நிறுத்துகிறது. பயிற்சிக்குப் பிந்தைய முதல் நிமிடத்தில் 12 துடிப்புகளுக்கு மேல் குறையாத பெரியவர்களுக்கு இறப்பிடர் மிகுதி என 1999இல் வெளியான கிளீவ்லாந்து மருத்துவமனை ஆய்வு காட்டியது.

மறைக்கப்படும் களைப்பு

மூளைக்குக் களைப்பை உணர்த்தும் பொருள்களுள் ஒன்று அடினோசின். ஊக்கப் பானத்திலுள்ள காஃபீன் அதன் ஏற்பிகளை மறித்துவிடுகிறது. களைப்பு தீர்வதில்லை, களைப்பென்னும் செய்தியே தடைபடுகிறது. அட்ரினலினும் பெருகுவதால், கடிவாளம் இறுகக் காலம் தாழ்வதுண்டு. உட்கொண்ட காஃபீனில் பாதி நீங்கவே ஏறத்தாழ 5 மணிநேரம் ஆகும். மாலையில் அருந்தியது இரவின் உறக்கத்தையும் கவர்ந்துகொள்ளும். உடல் தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும் வேளை அவ்வுறக்கமே அன்றோ!

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம், இப்பானங்களில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம் என வரையறுத்துள்ளது. குழந்தைகளுக்கும் கருவுற்றோர்க்கும் உகந்ததன்று என்னும் எச்சரிக்கையை உறையில் அச்சிடவும் பணித்துள்ளது.

வியர்வையில் உடல் இழப்பது நீரையும் உப்பையும். அவ்விழப்பை ஈடுசெய்யத் தண்ணீரும் உப்பிட்ட நீர்மோரும் கம்மங்கூழும் போதும். கரிசல் உழவர் கோடையைக் கடந்தது இவற்றால்தான். நெஞ்சு படபடத்தாலோ வலித்தாலோ தலை சுற்றினாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரை நாடுதல் வேண்டும். தோல்வி அன்று அது. அடுத்த ஆட்டத்திற்கான காப்பு.

கற்பவை கற்றபின்

ஓடி நின்றவுடன் மணிக்கட்டில் நாடித்துடிப்பை 15 நொடிகள் எண்ணி நான்கால் பெருக்குக. ஒரு நிமிடம் கழித்து மீண்டும் எண்ணுக. இரண்டிற்குமுள்ள வேறுபாட்டை ஒரு வாரம் குறித்துவந்து வகுப்பில் கலந்துரையாடுக.